தந்தி வந்த நாளும் போன் வந்த நாளும்

(அடுகோடியில் நடைபெற்ற உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாட்டு நடப்பைப் பற்றி ஏதாவது பேசுங்கோ என்று செயலாளர் சொன்னார். நாட்டு நடப்பு எல்லாருக்கும் தெரியும். என் ஆத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்தது தப்பு என்று தெரிந்துகொண்டதால் இன்று சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. இங்கே அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தந்தி ஞாபகம் இருக்கும். தந்திச் சேவகன் சைக்கிளை வாசலில் நிறுத்தினாலே வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடும். பிள்ளைக்கு வேலை கிடைத்தது என்றும் தந்தி வரலாம். ஆனால் அப்படி யாரும் நினைக்க மாட்டார்கள். என் பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் தந்தியைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு பக்கத்தாத்து மாமாவிடம் ஓடுவாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படிப்பதற்குள் தெருவில் பாதிப் பேர் கூடிவிடுவார்கள். நல்ல சேதியானால் எல்லாருக்கும் சர்க்கரை. கெட்ட சேதியானால் ஒருத்தர் தண்ணீர் கொடுப்பார், ஒருத்தர் ரயில் டிக்கெட்டுக்குப் போவார், ஒருத்தர் குழந்தைகளைத் தன் ஆத்துக்கு அழைத்துக்கொண்டு போய்ச் சாதம் போடுவார்.

அந்தத் தந்திச் சேவையை 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு அரசு நிறுத்திவிட்டது. கடைசி நாளன்று தனக்குத்தானே தந்தி கொடுத்து ஞாபகார்த்தமாக வைத்துக்கொண்டவர்கள் உண்டு. நானும் அன்று, "நல்லவேளை, இனி அந்த பயம் இல்லை" என்றுதான் நினைத்தேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். 2024-ஆம் வருஷம், ஆடி வெள்ளிக்கிழமை. ஆத்துக்காரி கோவிலுக்குப் போய்விட்டு அப்படியே தன் தங்கை வீட்டுக்கும் போயிருந்தாள். காலை பத்து மணி இருக்கும். போன் வந்தது. உங்கள் செல்போன் எண் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், விவரத்துக்கு ஒன்பதை அழுத்தவும் என்று பதிவுக் குரல். அழுத்தினேன். அந்த ஒரு விரல் அழுத்தத்துக்கு நான் பட்ட பாடு!

ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசினாள். என் ஆதார் எண்ணைக் கொடுத்து மும்பையில் யாரோ ஒரு சிம் கார்டு வாங்கியிருக்கிறார்களாம். அதன் மூலம் கோடிக்கணக்கில் ஹவாலாப் பணம் கைமாறியிருக்கிறதாம். "சார், நீங்கள் நல்லவராகத்தான் தெரிகிறது, போலீஸுக்கு இணைப்புக் கொடுக்கிறேன், சொல்லிவிடுங்கள்" என்றாள். அடுத்த நிமிஷம் வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு. காக்கிச் சட்டை, தோளில் நட்சத்திரம், பின்னால் சுவரில் காந்தி படம், மேஜையில் கொடி. என் பெயர், அப்பா பெயர், ஆதார் எண், எல்லாவற்றையும் அவரே கடகடவென்று வாசித்தார். பிறகு என் பெயரில் ஒரு கைது வாரண்ட். கோர்ட் முத்திரையோடு போனுக்கு வந்தது.

"இது தேசப் பாதுகாப்பு விஷயம். கதவைத் தாழ்ப்பாள் போடுங்கள். கேமரா முன்னாலிருந்து எழுந்திருக்கக் கூடாது. மனைவி, பிள்ளை, யாரிடமும் மூச்சு விடக் கூடாது. விட்டால் அவர்களும் உள்ளே போவார்கள்" என்றார். இதற்குத்தான் டிஜிட்டல் அரெஸ்ட் என்று பெயராம்.

நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். முப்பது வருஷம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். ஒரு பைசா உதைத்தாலும் ராத்திரி தூங்காமல் லெட்ஜரைப் புரட்டியவன். அப்படிப்பட்டவன், யாரோ முன்பின் தெரியாதவன் சொன்னான் என்று என் சொந்த வீட்டுக் கதவை நானே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். இரண்டரை மணி நேரம். தாகம் எடுத்தது, தண்ணீர் குடிக்கலாமா என்று அவனிடம் அனுமதி கேட்டேன். பாங்கில் எவ்வளவு டெபாசிட் என்று கேட்டான், ஒளிக்காமல் சொன்னேன். அதை முறித்து, "ரிசர்வ் பாங்க் சரிபார்ப்புக்காக" அவன் சொல்லும் கணக்குக்கு மாற்ற வேண்டும், இரண்டு நாளில் திரும்பி வந்துவிடும் என்றான். நெட் பாங்கிங் திறந்து, டெபாசிட்டை முறிக்கும் பக்கம் வரைக்கும் போய்விட்டேன்.

அப்போது வாசல் மணி அடித்தது.

"திறக்காதே" என்றான். நான் திறக்கவில்லை. மறுபடி மணி. பிறகு ஜன்னல் வழியாகக் குரல்: "அங்கிள், ஸ்வல்ப ஹெப்பு கொடி!" கீழ் போர்ஷனில் இருக்கும் கன்னடக் குடும்பத்துப் பெண். ஹெப்பு என்றால் உறை மோர். பாலுக்கு உறை குத்தத் துளி மோர் இல்லையாம். நான் உள்ளே இருப்பது அவளுக்குத் தெரியும். செருப்பு வாசலில் கிடக்கிறது. அவள் நகரவில்லை. ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். என் முகம் வேர்த்திருப்பதைப் பார்த்து, நெஞ்சு வலியோ என்று பயந்து கதவைத் தட்டோ தட்டென்று தட்டினாள். எழுந்து திறந்துவிட்டேன். விரலை உதட்டில் வைத்து ஜாடை காட்டினேன். அவள் போனைப் பார்த்தாள், காக்கிச் சட்டையைப் பார்த்தாள். சத்தமாக, "போலீஸா? ஸ்டேஷன் இல்லே இதெயல்வா அங்கிள், பன்னி ஹோகோணா" என்றாள். போலீஸ் ஸ்டேஷன் இங்கேதானே இருக்கிறது, வாருங்கள் போகலாம் என்று அர்த்தம்.

போன் சட்டென்று அணைந்தது.

யோசித்துப் பாருங்கள். அடுகோடியில் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. போலீஸ் குவார்ட்டர்ஸ் இருக்கிறது. காலையில் நடைப்பயிற்சி போனால் நிஜப் போலீஸ்காரர்கள் நாலு பேர் எதிரே வருவார்கள். இந்தியாவிலேயே முதல் சைபர் குற்றப் போலீஸ் ஸ்டேஷன் 2001-ஆம் ஆண்டில் தொடங்கியதும் இதே பெங்களூரில்தான். இத்தனையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மும்பையிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவனுக்கு நான் கைகட்டி நின்றேன். பத்தாவது வரை படித்த அந்தப் பெண்ணுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. அவள் என்னைவிட புத்திசாலி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அவள் வெளியில் நின்றாள், நான் உள்ளே இருந்தேன். அதுதான் பெரிய வித்தியாசம்.

ஏன் நம்பினேன் என்று பிறகு பல ராத்திரி யோசித்தேன். 2020-இல் கொரோனா வந்தபோது உலகமே வீடியோவுக்குள் போய்விட்டது. சுப்ரீம் கோர்ட்டே வீடியோவில் வழக்கு விசாரித்தது. கல்யாணத்தை வீடியோவில் பார்த்து அட்சதையை டி.வி. பெட்டிமேல் போட்டோம். வாத்தியார் மயிலாப்பூரில் இருந்து மந்திரம் சொல்ல, நான் இங்கே அடுகோடியில் உட்கார்ந்து அப்பா சிராத்தம் செய்தேன். நம்ம ஏரியாவில் மைகோ என்று நாம் இன்னும் சொல்லும் தொழிற்சாலை 2008-இல் பாஷ் லிமிடெட் ஆயிற்று; அந்த வளாகத்தைப் புதுப்பித்து 2022 ஜூனில் திறந்தபோது பிரதமரே வீடியோவில்தான் பேசினார். பிரதமர் வீடியோவில் வரலாம், நீதிபதி வரலாம், வாத்தியார் வரலாம் என்றால், போலீஸ் வரக்கூடாதா? நிஜமெல்லாம் திரையில் வந்து பழகிவிட்ட பிறகு, பொய்யும் அதே திரையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்னொரு காரணம் நம்முடைய சுபாவம். கோர்ட் வாசல், போலீஸ் வாசல் மிதிக்காத குடும்பம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். மிதிக்காததால் அங்கே என்ன நடக்கும் என்றே தெரியாது. அதிகாரி என்றால் எழுந்து நிற்போம். சம்பாத்தியத்தை ஒழுங்காகச் சேர்த்து வைப்போம். எல்லாவற்றுக்கும் மேலே, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம். மானஸ்தனைத்தான் இந்தத் திருடனால் மிரட்ட முடியும்.

பெரியவர்களே ஏமாந்திருக்கிறார்கள். வர்த்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், பத்ம பூஷண் பெற்றவர், அப்போது 82 வயது. 2024 ஆகஸ்டில் அவருக்கு ஒரு போலி சுப்ரீம் கோர்ட்டையே ஸ்கைப்பில் நடத்திக் காட்டி, தலைமை நீதிபதி மாதிரி ஒருவன் பேசி, 7 கோடி ரூபாய் பறித்தார்கள். அவர் உடனே புகார் கொடுத்ததால் 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது. நம்ம பெங்களூரிலேயே, மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி மாதக் கணக்கில் மிரட்டப்பட்டு, 187 தடவையாக ஏறக்குறைய 32 கோடி ரூபாய் இழந்தார் என்று 2025 நவம்பரில் செய்தி வந்தது. எல்லா சைபர் மோசடிகளிலும் சேர்த்து 2024-ஆம் ஆண்டில் மட்டும் 22,845 கோடி ரூபாய் போனதாக அரசே பார்லிமெண்டில் சொன்னது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். அன்று சாயங்காலம் ஆத்துக்காரி வந்தாள். "ஏன்னா, முகமே சரியில்லையே?" என்று கேட்டாள். "வெயில்" என்றேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவளும் மேலே கேட்கவில்லை. கீழ் வீட்டுப் பெண்ணிடம் யாரிடமும் சொல்லாதேம்மா என்று கேட்டுக்கொண்டேன். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையிடம் சொல்லவில்லை. சொன்னால், "இவ்வளவு படிச்சும் இப்படியாப்பா?" என்பான். அடுத்த மாதம் இதே மாதிரி ஒரு கூட்டம் நடந்தது. நானும் வந்தேன். காபி குடித்தேன், மழையைப் பற்றிப் பேசினேன், போனேன்.

அன்று என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் என் நாற்பது வருஷ சிநேகிதர். புரட்டாசியில் அவருக்கு அதே போன் வந்தது. அதே ஒன்பது, அதே காக்கிச் சட்டை, அதே தாழ்ப்பாள். அவர் வீட்டு மணியை யாரும் அடிக்கவில்லை. வாழ்நாள் சேமிப்பில் பெரும் பங்கு போய்விட்டது. வெட்கப்பட்டுக்கொண்டு ஐந்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஆறாம் நாள் புகார் கொடுத்தபோது, பணம் எத்தனையோ கணக்குகளுக்குள் பிரிந்து போய்விட்டிருந்தது.

அவரைப் பார்க்கப் போனபோது நான் என் கதையைச் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "ஆடியிலேயே உமக்கு வந்துதா? அன்னிக்குப் பக்கத்துலதானே ஒக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா ஓய்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலை. அவர் அனுமதி பெற்றுத்தான் இங்கே சொல்கிறேன். பேரும் தொகையும் வேண்டாம்.

அந்த அக்டோபர் 27-ஆம் தேதி, தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், பிரதமர் தன் மனதின் குரல் நிகழ்ச்சியில் இதைப் பற்றியே பேசினார். நில், யோசி, செயல்படு என்றார். ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தொண்டையை அடைத்தது. நான் அதை இரண்டு மாதம் முன்னாலேயே ஒருத்தருக்குச் சொல்லியிருக்க முடியும்.

பாட்டி தந்தியைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு ஓடினாளே, அதைப் படிப்பறிவில்லாமை என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். அவளுடைய கெட்ட சேதியை அவள் ஒரு நாளும் தனியாகக் கேட்டதில்லை. நமக்கு எல்லா பாஷையும் படிக்கத் தெரியும். அதனால் பூட்டிய அறையில், காதோடு காதாக, தனியாகக் கேட்கிறோம். திருடனுக்கு நம் பாஸ்வேர்டு அப்புறம்தான் வேண்டும். முதலில் வேண்டியது நம் தனிமை. "யாரிடமும் சொல்லாதே" என்பதுதான் அவன் முதல் வரி. நிஜமான போலீஸ், நிஜமான பாங்க், நிஜமான கோர்ட், எதுவும் உங்கள் சம்சாரத்திடம் சொல்லாதே என்று சொல்லாது.

சட்டமும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் எங்கும் கிடையாது. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நேரில் நிறுத்த வேண்டும். அது அரசியல் சட்டத்தின் 22-ஆவது ஷரத்து. விசாரணைக்கு ஆஜராகும்படி போலீஸ் கொடுக்கும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அரியானாவைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதி, போலி கோர்ட் உத்தரவைக் காட்டித் தங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று கடிதம் எழுத, சுப்ரீம் கோர்ட் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டு, 2025 டிசம்பர் 1-ஆம் தேதி நாடு முழுவதும் விசாரிக்கும் பொறுப்பை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. ஒரு வயதான தம்பதி வெட்கப்படாமல் எழுதிய கடிதம் என்பதைக் கவனியுங்கள்.

பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பணம் கைமாறிக்கொண்டே போகும் என்பதால், ஒரு மணி நேரத்தில் சொல்வதற்கும் ஒரு வாரம் கழித்துச் சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2025 ஜூன் வரை யாருக்குப் போன் போட்டாலும் அமிதாப் பச்சன் குரலில் சைபர் மோசடி எச்சரிக்கை வந்ததே, ஞாபகமிருக்கிறதா? "ஐயோ, எப்போ நிறுத்துவான்" என்று நாம் எல்லாரும் அலுத்துக்கொண்டோம். இந்த 1930-ஐ வீட்டு நாள்காட்டியில் பெரிதாக எழுதி வையுங்கள். ஆதார் நகலைக் கேட்ட இடத்திலெல்லாம் கொடுக்காதீர்கள். முதல் எட்டு எண்களை மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். பல இடங்களுக்கு அது போதும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பா, அம்மா ஏமாந்தேன் என்று சொன்னால், முதல் ஐந்து நிமிஷம் திட்டாதீர்கள். "இவ்வளவு படிச்சுமா?" என்ற ஒரு கேள்விக்குப் பயந்துதான் பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. அந்த வெட்கத்தில்தான் திருடன் பிழைக்கிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படிப் போன் செய்பவர்களில் பலர் மியான்மரிலும் கம்போடியாவிலும் முள்வேலிக்குள் அடைபட்டவர்கள். கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டி அழைத்துப்போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஏமாற்றினால்தான் சாப்பாடு என்று வதைக்கிறார்கள். 2022-இல் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பையன்கள் இருந்தார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்களைத் திரும்ப அழைத்து வந்தது அரசு. வேலைக்காகத் தெரியாத ஏஜெண்டிடம் பணம் கட்டும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் உண்டு. அவர்களும் கிளம்புமுன் நாலு பேரிடம் சொல்ல வேண்டும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பினர்கள் பல ஊர்களில் இருக்கிறோம். பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்கள் இரண்டு பேர், சில வீடுகளில் ஒருவர் மட்டும். ஒவ்வொரு ஊரிலும் இரண்டிரண்டு வீடுகளாக ஜோடி சேர்த்துக்கொள்வோம். காலையில் ஒரு போன், சாயங்காலம் ஒரு போன். பணம் கேட்டோ, பயமுறுத்தியோ யார் அழைத்தாலும், "ஒருத்தரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டு அந்த ஜோடி வீட்டுக்குச் சொல்ல வேண்டும். இதற்குச் சந்தா வேண்டாம், தீர்மானம் வேண்டாம். ஜோடி வீடு நம்மவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. என்னைக் காப்பாற்றியது யார் என்று சொல்லிவிட்டேனே.

நான் ஆத்துக்காரியிடம் சொன்னது போன மாதம்தான். கேட்டுவிட்டு அவள் திட்டவில்லை. எழுந்து உள்ளே போய், ஒரு கிண்ணத்தில் மோர் எடுத்துக்கொண்டு கீழ் வீட்டுக்குப் போனாள். "அன்னிக்கு அந்தப் பொண்ணு கேட்டுதே, கொடுத்தேளோ?" என்று வாசலிலிருந்து கேட்டாள். கொடுக்கவில்லை. அந்தக் கலவரத்தில் மறந்தே போயிருந்தது.

உங்களில் யாருக்காவது இந்த மாதிரி போன் வந்திருந்தால், காபி குடிக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.